ஒரே சந்தா, இரண்டு விலை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நானும் என் அண்ணனும் ஒரே இசைச் செயலிக்குத்தான் சந்தா கட்டுகிறோம். அவர் கணினியில் அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்; நான் ஐபோனில் செயலிக்குள்ளேயே சேர்ந்தேன். மாதந்தோறும் எனக்கு மட்டும் அதிகமாகப் பிடிக்கிறார்கள். இது எப்படி நியாயம்?

பதில்: பாட்டு ஒன்றுதான், பணம் போகும் வழிதான் வேறு. உங்கள் அண்ணன் கட்டுவது நேராக இசை நிறுவனத்துக்குப் போகிறது. நீங்கள் கட்டுவது முதலில் ஆப்பிளின் ஆப் ஸ்டோருக்குப் போய், அங்கே கமிஷன் கழிக்கப்பட்ட பிறகு மீதி நிறுவனத்தைச் சேர்கிறது. 2008-இல் ஆப் ஸ்டோர் திறந்தபோதே அந்தக் கமிஷனை 30 சதவீதம் என்று வைத்தார்கள். ஒரு வாடிக்கையாளர் ஓராண்டைக் கடந்தும் சந்தாவைத் தொடர்ந்தால் அது 15 சதவீதமாகக் குறையும் என்ற மாற்றம் 2016-இல் வந்தது. கூகுள் பிளே ஸ்டோர் 2022 ஜனவரி முதல் சந்தாக்களுக்கு முதல் மாதத்திலிருந்தே 15 சதவீதம் என்று குறைத்தது.

கையில் 100 கிடைக்க வேண்டும் என்று நினைக்கும் நிறுவனம், 30 சதவீதக் கமிஷன் போக அதை எடுக்க வேண்டுமானால் ஏறக்குறைய 143 என்று விலை வைக்க வேண்டியிருக்கும். ஸ்பாட்டிஃபை ஒரு காலத்தில் அமெரிக்காவில் தன் இணையதளத்தில் மாதம் 9.99 டாலருக்கு விற்ற சந்தாவை ஐபோன் செயலிக்குள் 12.99 டாலருக்கு விற்றது. அதிலும் கமிஷன் போக அதன் கைக்கு வந்தது சுமார் 9.09 டாலர்தான். யூடியூப் பிரீமியமும் 2018-இல் அமெரிக்காவில் அறிமுகமானபோது இணையதளத்தில் 11.99 டாலர், ஐபோன் செயலிக்குள் 15.99 டாலர். எல்லா நிறுவனங்களும் இப்படி இரண்டு விலை வைப்பதில்லை. கமிஷனைத் தாங்களே தாங்கிக்கொண்டு ஒரே விலைக்கு விற்பவர்களும் உண்டு. ஆகவே செயலிக்குள் பணம் கட்டுவதற்கு முன்னால் அதே நிறுவனத்தின் இணையதளத்தில் விலை என்னவென்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஏற்கெனவே செயலிக்குள் கட்டிக்கொண்டிருப்பதை இணையதளத்துக்கு மாற்ற முடியுமா?

பதில்: நேரடியாக மாற்ற வழியில்லை. ஸ்டோரில் உள்ள சந்தாவை ரத்து செய்யுங்கள். கட்டிய காலம் முடியும்வரை சேவை தொடரும். அது முடிந்த பிறகு, அதே மின்னஞ்சல் கணக்கைக் கொண்டு இணையதளத்தில் சேருங்கள். உங்கள் பட்டியல்களும் பார்த்த வரலாறும் பொதுவாக அப்படியே இருக்கும். பழையதை ரத்து செய்யாமல் புதியதில் சேர்ந்துவிட்டு, இரண்டு இடத்திலும் பணம் போகிறதே என்று எழுதாதீர்கள்.

கேள்வி: ஒரு ஸ்ட்ரீமிங் செயலியை நான்கு மாதங்களுக்கு முன்பே போனிலிருந்து அழித்துவிட்டேன். இன்னமும் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கிறது. இது பகல் கொள்ளை இல்லையா?

பதில்: இல்லை. செயலியை அழிப்பது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. சந்தா உங்கள் கணக்கோடு கட்டுண்டது. போனில் செயலி இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஐபோன் என்றால் செட்டிங்ஸில் மேலே இருக்கும் உங்கள் பெயரைத் தொட்டு, சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதிக்குப் போங்கள். ஆண்ட்ராய்டு என்றால் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதிக்குப் போங்கள். அங்கே இல்லையென்றால் பெரும்பாலும் நீங்கள் இணையதளத்தில் சேர்ந்திருப்பீர்கள். அங்கேதான் ரத்து செய்ய வேண்டும். நான்கு மாதமாக வங்கிக் கணக்கு அறிக்கையைத் திறந்தே பார்க்காமல் இருந்துவிட்டு, பழியை மட்டும் நிறுவனத்தின் மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: என் தாயாருக்கு வயது 74. ராசிபலன் சொல்லும் ஏதோ ஒரு செயலியை மூன்று நாள் இலவசம் என்று போட்டதால் இறக்கிக்கொண்டார். இப்போது வாரந்தோறும் பணம் போகிறது. அவருக்கு எந்தத் திரையில் எதைத் தொட்டோம் என்பதே தெரியவில்லை. தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று கலங்கிப்போய் இருக்கிறார்.

பதில்: முதலில் உங்கள் தாயாரிடம் அவர் மேல் ஒரு தவறும் இல்லை என்று சொல்லுங்கள். அந்தத் திரை ஏமாற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. "தொடர்க" என்ற பொத்தான் திரையின் அகலத்துக்கு, பளிச்சென்ற நிறத்தில் இருக்கும். மூன்று நாளுக்குப் பிறகு வாரத்துக்கு இவ்வளவு என்ற வரி அதன் கீழே, வெளிர் சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவில் இருக்கும். மூடுவதற்கான பெருக்கல் குறி சில விநாடிகள் கழித்துத்தான் மூலையில் தோன்றும். ஒன்றுமில்லாத செயலிகளுக்கு இப்படிப் பெருந்தொகை கறப்பதைப் பற்றி சோஃபோஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2019-இலேயே எழுதி எச்சரித்தது. வாரக் கட்டணம் என்பதே இவர்களுடைய உத்தி. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஒரு பெரிய ஸ்ட்ரீமிங் சேவைக்குக் கட்டுவதைவிட அதிகமாக வரும். வாரத்துக்கு என்று சொன்னால் சின்னத் தொகையாகத் தெரியும்.

இன்றே சந்தாவை ரத்து செய்யுங்கள். பிறகு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கூகுள் பிளே என்றால் பணம் பிடிக்கப்பட்ட 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே கேட்கலாம்; அதற்குப் பிறகு செயலியை உருவாக்கியவரிடம் கேட்க வேண்டும். ஆப்பிள் என்றால் அதற்கென்று உள்ள ரிப்போர்ட் எ ப்ராப்ளம் பக்கத்தில் விண்ணப்பிக்கலாம். வயதில் மூத்தவர், தெரியாமல் தொட்டுவிட்டார் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். அடுத்ததாக, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல்லோ விரல்ரேகையோ கேட்கும்படி அவருடைய போனில் அமைத்து வையுங்கள். இலவசச் சோதனை என்று போட்டு எதில் சேர்ந்தாலும், சேர்ந்த அன்றைக்கே ரத்து செய்துவிடலாம். பெரும்பாலான செயலிகளில் இலவச நாட்கள் முடியும்வரை சேவை கிடைக்கும். ஆப்பிள் வழியில் காலம் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பாகவாவது ரத்து செய்தாக வேண்டும். கடைசி நாள் வரை காத்திருந்தால் பணம் போய்விடும்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை. பெரிய நிறுவனத்தின் சந்தாவாக இருந்தாலும், ஒரு மூதாட்டியிடம் வாரந்தோறும் கறக்கும் செயலியாக இருந்தாலும் ஸ்டோர் தன் கமிஷனை எடுத்துக்கொள்கிறது. பாதுகாப்பான கடை என்று சொல்லிக் கமிஷன் வாங்குகிறவர்களுக்கு இந்தச் செயலிகளை வாசலிலேயே தடுக்கும் கடமை இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏழு ஓடிடி சந்தா இருக்கிறது. எதை நிறுத்துவது?

பதில்: போன மாதம் நீங்கள் ஒருமுறைகூடத் திறக்காதவற்றை.

கேள்வி: இணையதளத்தில் விலை குறைவு என்றால், அந்த நிறுவனம் தன் செயலியிலேயே "எங்கள் தளத்துக்கு வாருங்கள், குறைவான விலைக்குத் தருகிறோம்" என்று ஒரு வரி போட வேண்டியதுதானே? ஏன் போடுவதில்லை?

பதில்: ஆப்பிள் போட விடவில்லை. இந்தத் துறையில் எனக்கு இருக்கும் மிகப் பெரிய ஆதங்கம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2011 பிப்ரவரியில் ஆப்பிள் செயலிக்குள் சந்தா விற்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது, வெளியே விற்கும் விலையைவிடச் செயலிக்குள் விலை கூடுதலாக இருக்கக் கூடாது என்றும், வெளியே வாங்குவதற்கான இணைப்பைச் செயலியில் வைக்கக் கூடாது என்றும் நிபந்தனை விதித்தது. விலை பற்றிய நிபந்தனையை அந்த ஆண்டு ஜூனிலேயே தளர்த்திவிட்டார்கள். இணைப்பு வைக்கக் கூடாது என்பது மட்டும் நிலைத்தது. இதன் விளைவைக் கவனியுங்கள். நிறுவனம் கமிஷனுக்கு ஈடாகச் செயலிக்குள் விலையை ஏற்றலாம். ஆனால் ஏன் ஏற்றினோம், எங்கே குறைவாகக் கிடைக்கும் என்று வாங்குகிறவரிடம் சொல்லக் கூடாது. கமிஷன் வாங்குவதையாவது, செயலியைப் பரிசோதிக்கிறோம், பணப் பரிமாற்றத்தைக் கவனித்துக்கொள்கிறோம் என்று சொல்லி ஓரளவு நியாயப்படுத்தலாம். விலையை வாங்குகிறவரிடமிருந்து மறைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

நெட்ஃபிளிக்ஸ் 2018 இறுதியில் புதிய வாடிக்கையாளர்களிடம் ஆப்பிள் வழியாகப் பணம் வாங்குவதை நிறுத்தியது. அதன் பிறகு ஐபோனில் அந்தச் செயலியைப் புதிதாகத் திறந்தவர்கள் பார்த்தது ஒரு விசித்திரமான திரை: செயலிக்குள் சேர முடியாது, இது தொல்லைதான் என்று எங்களுக்கும் தெரியும், உறுப்பினரான பிறகு பார்க்கத் தொடங்கலாம் என்ற அளவில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தொடுவதற்கு ஓர் இணைப்பு இல்லை. ஒரு நிறுவனம் தன் சொந்த வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரும் வழியைச் சொல்ல முடியாமல் தவித்த காட்சி அது. அதே போனில் வாடகைக் காருக்கோ சாப்பாட்டுக்கோ பணம் கட்டினால் இந்தக் கமிஷன் கிடையாது. பாட்டு, படம், விளையாட்டு போன்ற மின்வடிவப் பொருள்களுக்கு மட்டும்தான்.

நிலைமை ஓரளவு மாறியது வழக்குகளால்தான். எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் 2020 ஆகஸ்டில் தன் ஃபோர்ட்நைட் விளையாட்டில் நேரடியாகப் பணம் கட்டினால் 20 சதவீதம் குறைவு என்று அறிவித்தது. அன்றைக்கே அந்த விளையாட்டு ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது; எபிக் வழக்குத் தொடுத்தது. 2021 செப்டம்பரில் அமெரிக்க நீதிபதி இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸ் பெரும்பாலான குற்றச்சாட்டுகளில் ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தாலும், வெளியே வாங்கும் வழியைச் சொல்ல விடாமல் தடுப்பது கூடாது என்று உத்தரவிட்டார். மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்து 2024 ஜனவரியில் ஆப்பிள் இணைப்பை அனுமதித்தது. ஆனால் அந்த இணைப்பின் வழியாக வெளியே நடக்கும் விற்பனைக்கும் 27 சதவீதம் வரை கமிஷன் உண்டு என்றது. நேரடியாகப் பணம் வாங்கும் செலவை அதோடு சேர்த்தால் நிறுவனத்துக்கு மிச்சம் ஏதும் இல்லை என்பதால், பெரும்பாலோர் அந்த வழியைத் தொடவே இல்லை. 2025 ஏப்ரலில் அதே நீதிபதி இது தன் உத்தரவை வேண்டுமென்றே மீறிய செயல் என்று தீர்ப்பளித்தார். ஆப்பிள் மேல்முறையீட்டுக்குப் போனது. அடுத்த சில நாட்களிலேயே அமெரிக்காவில் ஸ்பாட்டிஃபை தன் ஐபோன் செயலியில் விலையையும் இணைப்பையும் காட்டத் தொடங்கியது. ஐரோப்பாவில் ஸ்பாட்டிஃபை 2019-இல் கொடுத்த புகாரின் மேல், வேறு இடத்தில் குறைந்த விலைக்குக் கிடைப்பதை இசைச் செயலிகள் சொல்ல விடாமல் செய்ததற்காக ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஆப்பிளுக்கு 180 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. விலையைச் சொல்லும் ஒரு வரிக்காக இவ்வளவு ஆண்டுகள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டியவர்கள், கூடுதலாகக் கட்டுகிறோம் என்றே அறியாதவர்கள்.

கேள்வி: அப்படியானால் எப்போதும் இணையதளத்தில் கட்டுவதுதான் நல்லதா?

பதில்: எப்போதும் என்று சொல்ல மாட்டேன். பெயர் கேள்விப்படாத சிறிய செயலிக்கு உங்கள் கார்டு எண்ணைக் கொடுப்பதைவிட ஸ்டோர் வழியாகக் கட்டுவது பாதுகாப்பு. ரத்து செய்வதும் ஒரே இடத்தில் இரண்டு தொடுதலில் முடிந்துவிடும். சில நிறுவனங்களின் தளங்களில் ரத்து செய்யும் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு மாலைப் பொழுது போய்விடுகிறது. நம்பகமான பெரிய சேவை, நீண்ட காலம் வைத்திருக்கப் போகிறீர்கள், விலையிலும் வித்தியாசம் இருக்கிறது என்றால் இணையதளம்.

கேள்வி: ஆண்டுச் சந்தா எடுத்தால் இரண்டு மாதம் மிச்சம் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: மாதச் சந்தாவாக வைத்திருந்து ஆண்டு முழுவதும் நீங்கள் உண்மையிலேயே பார்த்த சேவையாக இருந்தால் எடுக்கலாம். ஒரே ஒரு தொடருக்காகவோ ஒரே ஒரு விளையாட்டுப் போட்டிக்காகவோ எடுக்காதீர்கள். ஒளிபரப்பு உரிமை என்பது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வாங்கப்படுவது. காலம் முடிந்ததும் இன்னொரு நிறுவனத்துக்குப் போய்விடலாம். விளையாட்டுக்காகவே நான் எடுத்த ஓர் ஆண்டுச் சந்தாவில், பாதி ஆண்டு கடந்த நிலையில் உரிமை கைமாறியது. மீதி மாதங்களுக்குப் பணம் தர முடியாது, மற்ற நிகழ்ச்சிகள் இருக்கின்றனவே என்று பதில் வந்தது. வேறொரு மொழிப்பயிற்சிச் செயலி நான் ஆண்டுத் தொகையைக் கட்டிய சில மாதங்களிலேயே சேவையை நிறுத்திக்கொண்டது. அந்தப் பணமும் திரும்பவில்லை.

கேள்வி: என் அனுமதி இல்லாமலேயே சந்தா விலையை ஏற்றிவிட்டார்கள். சட்டப்படி செல்லுமா?

பதில்: ஆப் ஸ்டோர் சந்தா என்றால், 2022 மே மாதம் மாற்றப்பட்ட விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். மாதச் சந்தாவில் ஏற்றம் 50 சதவீதத்துக்கும் 5 டாலருக்கும் மிகாமல், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் என்றால், உள்ளூர்ச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் உங்கள் சம்மதத்தைக் கேட்காமலே ஏற்றலாம். முன்கூட்டி மின்னஞ்சலிலும் போனிலும் தெரிவித்தால் போதும். அதற்கு மேல் போனால் நீங்கள் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் சந்தா புதுப்பிக்கப்படாது. உங்களுக்கு வந்த அறிவிப்பைப் படிக்காமல் தள்ளிவிட்டீர்களா என்று பாருங்கள். அறிவிப்பே வரவில்லை என்றால் விடாமல் புகார் செய்யுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.

கேள்வி: ஸ்டோர் கமிஷன் குறைந்துகொண்டே வருகிறதே, ஸ்ட்ரீமிங் கட்டணமும் குறையுமா?

பதில்: எதிர்பார்க்காதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் புதிய வாடிக்கையாளர்கள் விஷயத்தில் ஆப்பிள் கமிஷனிலிருந்து விடுபட்டது 2018 இறுதியில். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் அதன் ஸ்டாண்டர்டு சந்தா 10.99 டாலரிலிருந்து 12.99 டாலராக உயர்ந்தது. அந்தக் கட்டணத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் படங்களுக்கும் தொடர்களுக்கும் ஆகும் செலவுதான். கமிஷன் குறைவதால் பலன் பெறக்கூடியவர்கள், செயலிக்குள் ஒரு விலையும் வெளியே ஒரு விலையும் வைத்திருக்கும் சேவைகளின் வாடிக்கையாளர்கள். உங்களுடையது அப்படிப்பட்டதா என்று பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே விலை என்றால், கமிஷன் எவ்வளவு குறைந்தாலும் உங்கள் மாதச் செலவு குறையும் என்று நம்ப இடமில்லை.