ஜூடோவில் விழத் தெரியும், ஆபீசில்?

கேள்வி: எனக்கு 31 வயது. எட்டு மாதமாக ஜூடோ வகுப்புக்குப் போகிறேன். கீழே விழும் பயம் போய்விட்டது. "இங்கே கத்துக்கிறது வாழ்க்கைக்கும் உதவும்மா" என்கிறார் மாஸ்டர். எனக்கு உதவவில்லையே! என் ரிப்போர்ட்டில் மேலாளர் ஒரு தப்பைச் சுட்டிக்காட்டினால் உடனே சாக்கு சொல்கிறேன். பிறகு இரண்டு நாளைக்கு வேலையே ஓடுவதில்லை. பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிப்பதையும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். ஜூடோவை இதற்கெல்லாம் எப்படிப் பயன்படுத்துவது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: மாஸ்டர் சொல்வது உண்மைதான், ஆனால் அது தானாக வராது. மேட்டில் (ஜூடோ பழகும் விரிப்பில்) உங்கள் உடம்புக்குக் கிடைத்த பயிற்சி, ஆபீசில் உங்கள் நாக்குக்கு இன்னும் கிடைக்கவில்லை. 1882-இல் டோக்கியோவில் ஒரு புத்தக் கோயிலில் 9 மாணவர்களோடு ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ ஒரு கல்வியாளர். சக்தியை வீணாக்காமல் பயன்படுத்துவது, எதிரே நிற்பவரோடு சேர்ந்தே வளர்வது என்ற இரண்டையும் மேட்டுக்கு வெளியிலும் கடைப்பிடிக்க வேண்டும் என்றுதான் அவர் கற்பித்தார். அதற்கும் தனியாகப் பயிற்சி வேண்டும்.

உங்களுக்குப் பின்பக்க உகேமியை, அதாவது அடிபடாமல் பின்னால் விழும் முறையை, எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். முதல் நாளே யாரும் உங்களைத் தூக்கி எறிந்திருக்க மாட்டார்கள். படுத்தபடி கையால் தட்டுவது, பிறகு உட்கார்ந்து, குந்தி, நின்று, கடைசியாக இன்னொருவர் எறிய விழுவது என்று உயரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடியிருக்கும். தாடை நெஞ்சோடு ஒட்டி, பார்வை பெல்ட் முடிச்சில். கைகள் உடம்பிலிருந்து 30 முதல் 45 டிகிரி விலகி, உள்ளங்கையும் முன்கையும் ஒரே நேரத்தில் மேட்டில் பட வேண்டும். மூச்சு வெளியே போக வேண்டும். புதிதாக வருபவர்கள் பலர் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்: விழுவதைத் தடுக்கப் பின்னால் கையை ஊன்றுகிறார்கள். மொத்த எடையும் மணிக்கட்டிலும் முழங்கையிலும் இறங்கிவிடுகிறது. விழுந்ததால் வரும் அடியைவிட, விழாமலிருக்கப் பார்த்ததால் வரும் அடிதான் பெரிது.

மேலாளர் பேசி முடிக்குமுன் நீங்கள் சொல்லும் சாக்கு, இப்படி ஊன்றிய கைதான். அதை நிறுத்தப் படுத்த நிலையிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் மேலாளர் பக்கமே போக வேண்டாம். நம்பிக்கையான சக ஊழியர் ஒருவரிடம் தினமும் ஒரு மின்னஞ்சல் வரைவைக் காட்டி, "இதில் ஒரு தப்பு கண்டுபிடிங்க" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது மூச்சை வெளியே விடுங்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "எந்த வரியில?" விளக்கம் எதுவும் வேண்டாம். சொல்லியே ஆகவேண்டிய விளக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் கழித்து எழுதி அனுப்புங்கள். மூன்றாவது, நான்காவது வாரம் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை உங்கள் குழுவில் மூத்தவர் ஒருவரிடம் கொடுங்கள். மேலாளரின் மேசை அதற்குப் பிறகுதான்.

நோட்டில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். "ரிப்போர்ட் மோசம்" என்று எழுதினால் அடி நேரே தலையில். "மூன்றாம் பக்க அட்டவணையில் கூட்டல் தப்பு" என்று எழுதினால் அது அந்த அட்டவணையோடு நிற்கும், பத்து நிமிடத்தில் திருத்தியும் விடலாம். இரண்டு நாள் முடங்கிப்போவது, முதல் வகை வாக்கியம் மனத்தில் ஓடுவதால்தான்.

இன்னொரு பக்கமும் சறுக்கலாம். சிலர் இதைப் பழகியபின் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்று தலையாட்டத் தொடங்குகிறார்கள். விழுந்தவர் எழுந்து மறுபடி எதிராளியின் சட்டையைப் பிடித்தால்தான் ஜூடோ. சொன்ன குறை தவறு என்றால் மறுநாள் ஆதாரத்தோடு போய்ப் பேசுங்கள்.

தேர்வுக்கு உச்சிகோமியை எடுத்துக்கொள்ளலாம். எறியாமல், உள்ளே நுழைந்து எதிராளியின் சமநிலையைக் குலைப்பது வரை மட்டும் பத்துப் பத்தாகச் செய்வீர்களே, அதுதான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் படிப்பில் அல்ல, உட்கார்வதில்தான் சிக்கல். எனவே உட்கார்வதை மட்டும் பழகுங்கள். போனை அடுத்த அறையில் வையுங்கள், உட்காருங்கள், புத்தகத்தைத் திறந்து ஒரு கேள்விக்கான விடையின் முதல் வரியை எழுதுங்கள், எழுந்து அறைக்கு வெளியே போய்விடுங்கள். இப்படி ஐந்து முறை. பத்தாவதில் எறியச் சொல்வார்களே, அதுபோல ஐந்தாவது முறை மட்டும் எழாமல் 20 நிமிடம் படியுங்கள். முதல் வாரம் இவ்வளவுதான். நன்றாக ஓடுகிறதே என்று ஒரு நாள் இரண்டு மணி நேரம் இழுத்தால் மறுநாள் நாற்காலியைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கும். களைத்தபின் போடும் உச்சிகோமியில் கால் தப்பான இடத்தில் விழுந்து, அந்தத் தப்பே பழகிவிடுவதை வகுப்பில் பார்த்திருப்பீர்கள்.

'போதும், விடு' என்று தட்டுவதையும் மறக்க வேண்டாம். கைப்பூட்டில் மாட்டினால் வலி ஏறுமுன் இரண்டு முறை தெளிவாகத் தட்ட வேண்டும். வீம்புக்குத் தாமதிப்பவர்கள் முழங்கையைக் கெடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் வகுப்பை இழக்கிறார்கள். ஆபீசிலும் அப்படித்தான். மேலாளர் தப்பைச் சுட்டுவது வேறு, எல்லோர் முன்னாலும் கேவலமாகத் திட்டுவது வேறு. இரண்டாவதைத் தாங்கிப் பழகத் தேவையில்லை. தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் குறித்துவைத்து நிர்வாகத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் இந்தப் பயிற்சிகளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.