பனிக்குச் செய்த தகடு மண்ணைத் தள்ளுமா?

ஏற்காடு, நாகலூர் வாசகர்: எங்கள் காப்பித் தோட்டத்தின் கேட்டிலிருந்து வீடு வரை 600 மீட்டர் மண் பாதை உள்ளது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டிலிருந்து செம்மண் இறங்கிப் பாதையை மூடிவிடுகிறது. பனி தள்ளும் தகடு பொருத்திய ஏ.டி.வி. (கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கரச் சிறு வண்டி) வாங்கினால் கூலி ஆளே வேண்டாம் என்று ஒரு முகவர் காணொளி காட்டிச் சொல்கிறார். வாங்கலாமா?

வாங்க வேண்டாம். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 100 கிலோ எடைதான் இருக்கும். நனைந்த மண்ணோ அதே அளவில் 1,600 கிலோவுக்கும் மேல் போகும். பனியைத் தள்ளச் செய்த தகட்டையும் அதைத் தாங்கும் சட்டத்தையும் நனைந்த செம்மண்ணில் இறக்கினால், சக்கரம் வழுக்கும், அல்லது சட்டம் வளையும். அந்த முகவர் காட்டிய காணொளியில் வண்டி எதைத் தள்ளியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தகடு ஓரத்தில் ஒதுக்கும் மண் வடிகாலை அடைத்தால் அடுத்த மழையின் தண்ணீர் பாதையிலேயே ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம். புரட்டாசி முடிவதற்குள் மேட்டுப் பக்கத்தில் வடிகால் வெட்டுங்கள். சரிவு விழுந்தால் ஜேசிபியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுங்கள். தோட்டத்தில் டிராக்டர் இருந்தால், பின்புறம் பொருத்தும் மண் தகடு போதும்.

இன்னொன்று: வணிக நோக்கத்துக்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவருக்கே அதில் விலக்கு உண்டு. தோட்டத்தின் பெயரில் பெரிய இயந்திரம் வாங்குவோர் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

சேலம், அஸ்தம்பட்டி வாசகி: என் மகன் கனடாவில், ஒன்டாரியோவின் கிராமப்புறத்தில் இருக்கிறான். சாலையிலிருந்து வீட்டுக்கு 150 மீட்டர் சரளைப் பாதை. அவனிடம் ஏ.டி.வி. இருக்கிறது. 48 அங்குலத் தகடு வாங்குவதா, 60 அங்குலமா என்று கேட்கிறான்.

60 அங்குலம். பனியை ஓரத்துக்கு ஒதுக்கத் தகட்டைச் சாய்த்துத்தான் ஓட்டுவார்கள். 30 பாகை சாய்த்தால் 48 அங்குலத் தகடு சுமார் 42 அங்குலமே வழிக்கும். வண்டியின் இரு பக்கச் சக்கரங்களும் அதைவிட அகலத்தில் ஓடினால், வழிக்காத பனியின்மேல் ஏறும். 60 அங்குலத் தகடு சாய்ந்த நிலையிலும் 52 அங்குலம் வழிக்கும். பொருத்தும் சட்டம் அவருடைய வண்டியின் மாடலுக்கே உரியதா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தகட்டைத் தூக்கும் வின்ச்சுக்கு (கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார் உருளை) எஃகுக் கம்பியைவிட நார்க்கயிறு நல்லது, ஏனெனில் ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப மடங்குவதால் கம்பி இழை இழையாகப் பிரிந்துவிடும். சரளைப் பாதை என்பதால் தகட்டைத் தரையிலிருந்து உயர்த்தித் தாங்கும் அடிக்கட்டைகளைச் சற்று இறக்கி வைத்தால்தான் கற்கள் பனியோடு போகாமல் இருக்கும். முதல் பனியையே பாதையைத் தாண்டி நன்றாக உள்ளே தள்ள வேண்டும். ஓரத்தில் விட்டால் அது இறுகிச் சுவராகி, தை மாதத்தில் தள்ள இடம் இருக்காது. பனியைப் பொதுச்சாலையில் தள்ளுவது அங்கே சட்டப்படி குற்றம்.

மேட்டூர் வாசகர்: தள்ளுபடி இன்றிரவோடு முடிகிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. முன்பணம் அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள்.

ஓமலூர் வாசகர்: பழைய வண்டிகள் விற்கும் ஒருவரிடம் 2,40,000 ரூபாய்க்கு ஏ.டி.வி. வாங்கினேன். சாலையில் ஓட்டப் பதிவு செய்துதருவதாகச் சொன்னார். போக்குவரத்து அலுவலகத்தில் பதிய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வின்ச் மோட்டாரும் இரண்டாம் நாளே நின்றது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்கிறார். பில் தரவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்து மனம் வருந்தினேன். 2018-இல் என் நிலத்துக்குப் புல்வெட்டும் இயந்திரம் வாங்கியபோது, பில் இல்லாமல் எடுத்தால் வரி மிச்சம் என்று கடைக்காரர் சொன்னதை நானும் நம்பினேன். 11-ஆம் நாள் இன்ஜின் இறுகியது. இயந்திரத்தை விற்றதே தாம் இல்லை என்றார் அவர். அன்றிலிருந்து இந்தப் பகுதியில் நான் ஓயாமல் எழுதிவருவது இதைத்தான்: பில் என்பது விற்பவர் போடும் தயவு அல்ல. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராமலிருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. 'திரும்பப் பெறப்படாது' என்று சுவரில் எழுதி வைத்தால் சட்டம் மாறிவிடாது. வரி மிச்சம் என்று சொல்பவர் மிச்சப்படுத்துவது தம்முடைய பொறுப்பை. வாங்குபவரின் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

பில் இல்லாவிட்டாலும் உங்களுக்கு வழி உண்டு. வங்கிப் பரிமாற்றப் பதிவு, பதிவு செய்துதருவதாக அவர் அனுப்பிய செய்திகள், வண்டியின் படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அதுவரை பதிவில்லாத அந்த வண்டியைப் பொதுச்சாலையில் இறக்காதீர்கள்.

சேலம் வாசகர்: கையேடு படிக்கவில்லை. தகடு பொருத்திய ஏ.டி.வி.யை உயர் கியரிலேயே ஓட்டி மண் தள்ளினேன். பெல்ட் கருகிவிட்டது. உத்தரவாதத்தில் மாற்றித் தருவார்களா?

மாட்டார்கள், தர வேண்டியதும் இல்லை. தகடு பொருத்தினால் குறைந்த கியரில் ஓட்ட வேண்டும் என்பது அந்தக் கையேட்டிலேயே இருந்திருக்கும். இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய பொருளின் கையேட்டுக்கு அரை மணி நேரம் ஒதுக்காதவருக்காக நான் கடைக்காரரிடம் வாதாட முடியாது.

ஏற்காடு வாசகி: ஜேசிபி வாடகைக்கு எடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

மணிக்கணக்கு எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் நேரத்தையும் சேர்ப்பவர்கள் உண்டு. வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் வண்டியின் மணி மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் யாருடையது என்பதையும் முன்பே எழுதி வாங்குங்கள்.