முன் டிஸ்க்கை பெருசாக்கினா பிரேக் நல்லா பிடிக்குமா?

கேள்வி: அண்ணா வணக்கம், சேலத்துல இருந்து எழுதறேன். என்கிட்ட 2015 மாடல் போலோ ஜிடி இருக்கு, டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், செகண்ட் ஹேண்ட்ல வாங்கி நாலு வருஷம் ஆச்சு. போன மாசம் வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு கொல்லிமலை போயிட்டு இறங்கும்போது பாதி கொண்டை ஊசி தாண்டினதுமே பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ள போக ஆரம்பிச்சிடுச்சு, கருகின வாசம் வேற. அம்மா ரொம்ப பயந்துட்டாங்க. ஓரங்கட்டி அரை மணி நேரம் விட்டப்புறம் சரியாச்சு. ஒரு கடையில காட்டினா, உங்க முன் டிஸ்க் 256 மில்லிமீட்டர்தான், 312 டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கற நாலு பிஸ்டன் காலிபரும் போட்டுடலாம், 85,000 ஆகும்னு சொல்றாங்க. வீல் 15 இன்ச். பிரேக் ஆயில் நான் வாங்கினதுல இருந்து மாத்தல. போடலாமா?

பதில்: தம்பி, முதல்ல நீங்க எல்லாரும் பத்திரமா இறங்கினதுல சந்தோஷம். உங்க கடைசி வரிக்கு முந்தின வரியிலயே பதில் இருக்கு. இப்போதைக்கு அந்த 85,000-ஐ எடுக்காதீங்க.

பிரேக் சூடாகி கைவிடறதுல ரெண்டு விதம் இருக்கு. பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நிக்காது, அது பேட், அதாவது டிஸ்க்கை ரெண்டு பக்கமும் உரசிப் பிடிக்கற கட்டை, சூடு தாங்காம வழுக்கறது. பெடல் பஞ்சு மாதிரி கீழ போகுது, ரெண்டு மூணு தடவை தொடர்ந்து மிதிச்சா கொஞ்சம் மேல வருதுன்னா அது ஆயில் கொதிச்சுட்டது. ஆயிலுக்குள்ள நீராவிக் குமிழ் வந்துடுச்சுன்னா உங்க கால் அழுத்தறது எல்லாம் அந்தக் குமிழை நசுக்கத்தான் போகுது, காலிபர் வரைக்கும் போய்ச் சேராது. ஆறினதும் குமிழ் அடங்கிடும், அதான் அரை மணி நேரத்துல சரியான மாதிரி தெரிஞ்சது. உங்களுக்கு நடந்தது இந்த ரெண்டாவதுதான்.

பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், மூடி இறுக்கமா இருந்தாலும் ஹோஸ் வழியாவே போகும். புது டாட் 4 ஆயில் குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக்கூடாதுங்கறது தரம், அதே ஆயில் 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்ததும் 155 டிகிரியே போதும். பார்த்தீங்களா, 75 டிகிரி காணாம போச்சு. அதனாலதான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு சொல்றது. உங்க ஆயில் நாலு வருஷத்துக்கு மேல, அதுக்கு முன்னாடி ஓட்டினவர் மாத்தினாரான்னும் தெரியாது.

இப்ப மலையில எவ்வளவு சூடு வருதுன்னு ஒரு கணக்கு சொல்றேன், இது எனக்கு ரொம்ப பிடிச்ச கணக்கு. 100 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டியை முழுசா நிறுத்தறப்ப எவ்வளவு சூடு வருமோ, அதே அளவு சூடு அந்த வண்டி 39 மீட்டர் உயரம் வேகம் ஏறாம இறங்கினாலும் வரும். வண்டி எடை எவ்வளவா இருந்தாலும் இந்த 39 மாறாது. கொல்லிமலையில இருந்து அடிவாரம் வரைக்கும் சுமார் 1,000 மீட்டர்னு வச்சுக்கோங்க, அப்ப 70 கொண்டை ஊசியும் இறங்கி முடிக்கறதுக்குள்ள 100-ல இருந்து 25 தடவை நின்ன சூடு மொத்தம். எஞ்சினும் காத்தும் டயரும் அதுல ஒரு பங்கு எடுத்துக்கும், ஆனா எஞ்சினுக்கு அந்த வேலையை நீங்க கொடுக்கணும். டிஎஸ்ஜியை டி-யில விட்டா அது மைலேஜுக்காக மேல் கியருக்குப் போயிட்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது, எல்லாச் சூடும் முன் டிஸ்க் தலையில. அடுத்த தடவை லீவரை மேனுவல் பக்கம் தள்ளி ரெண்டாவது கியர்ல வச்சு இறங்குங்க. வளைவுக்கு முன்னாடி பிரேக்கை நல்லா மிதிச்சு வேகத்தைக் குறைச்சுட்டு காலை எடுத்துடுங்க. லேசா மிதிச்சபடியே ஒரு கிலோமீட்டர் வர்றதுதான் டிஸ்க்குக்கு ஆற நேரமே இல்லாம பண்றது. நியூட்ரல்ல இறங்கறது வேண்டவே வேண்டாம்.

சரி, டிஸ்க் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா கடைக்காரர் சொன்னது முழுக்க தப்புன்னும் சொல்லமாட்டேன். பெரிய டிஸ்க் ரெண்டு வேலை செய்யும். பேட் மையத்துல இருந்து தள்ளிப் பிடிக்கறதால நெம்புகோல் நீளம் கூடும், அதே காலிபரை வச்சு 256-ல இருந்து 288-க்குப் போனா அதே மிதிக்கு கிட்டத்தட்ட 15 சதவீதம் கூடுதல் பிடி. அப்புறம் இரும்பு அதிகம், காத்து படற பரப்பு அதிகம், அதனால மெதுவா சூடாகும், சீக்கிரம் ஆறும். ஆனா நிக்கற தூரத்தை முடிவு பண்றது டயர்தான். காலி ரோட்டுல 60-ல போய் முழு பலத்தோட மிதிச்சுப் பாருங்க, சக்கரம் பூட்டிக்காம தடுக்கற ஏபிஎஸ் கடகடன்னு அடிக்குதா? அடிச்சா உங்க 256 டிஸ்க் டயரோட முழுப் பிடியையும் ஏற்கனவே தாண்டிடுச்சுன்னு அர்த்தம், அதுக்கு மேல 312 போட்டாலும் ஒரு அடி கூட முன்னாடி நிக்காது. டயர் பழசாகி கெட்டிப்பட்டிருந்தா அந்தப் பணத்துல நாலு நல்ல டயர் வாங்கிப் போட்டாலே மிச்சம் வரும், மழையில உயிர் காக்கறதும் அதுதான்.

இன்னொன்னு, உங்க 15 இன்ச் வீலுக்குள்ள 312 நுழையவே நுழையாது. டிஸ்க்குக்கு மேல காலிபர் உடம்பு ரெண்டு, ரெண்டரை சென்டிமீட்டர் நீட்டிக்கிட்டு நிக்கும். அப்ப வீலும் மாத்தணும், டயரும் மாத்தணும், அந்த 85,000 எங்க போய் நிக்கும்னு நீங்களே பார்த்துக்கோங்க. நாலு பிஸ்டன்னு பேரைக் கேட்டு மயங்காதீங்க, பிஸ்டன் எத்தனை மில்லிமீட்டர்னு கேளுங்க. 54 மில்லிமீட்டர் பிஸ்டன் ஒண்ணுக்கும், ஒரு பக்கத்துக்கு ரெண்டு 38 மில்லிமீட்டர் பிஸ்டனுக்கும் பரப்பளவு ஏறக்குறைய ஒண்ணுதான். அதைவிட ரொம்ப பெருசா இருந்தா பெடலை மிதிச்சதும் மாஸ்டர் சிலிண்டர் தள்ளற ஆயில் பத்தாம பெடல் நீளமா போகும், ரொம்ப சின்னதா இருந்தா பெரிய டிஸ்க் போட்டும் பிடி கூடாது. இந்தக் கேள்விக்கு நம்பர் சொல்லத் தெரியாத கடையில பிரேக் வேலை கொடுக்காதீங்க, ஆடியோ சிஸ்டம் வேணா அங்க மாட்டிக்கோங்க, பிரேக் வேண்டாம். உங்க வண்டிக்குப் பின்னாடி டிரம் பிரேக்தான், முன்னாடி மட்டும் பிடியை ஏத்திக்கிட்டே போனா பின் சக்கரம் சும்மா உருளும், முன் டயர் மேலயே எல்லா பாரமும்.

நான் உங்க இடத்துல இருந்தா செய்யற வரிசை இது. முதல்ல ஆயில், நல்ல டாட் 4 இல்லன்னா டாட் 5.1, நாலு சக்கரத்துலயும் பழசு முழுக்க வெளிய வர்ற வரைக்கும் ப்ளீட் பண்ணச் சொல்லுங்க. டாட் 5-ன்னு தனியா ஒண்ணு இருக்கு, அது சிலிகான், பேர் கிட்டத்தட்ட ஒண்ணுங்கறதால குழப்பிக்காதீங்க, உங்க வண்டியில அதை ஊத்தவே கூடாது. அப்புறம் காலிபரோட ஸ்லைடர் பின் ரெண்டும் கையால தள்ளினா நகருதான்னு பார்க்கச் சொல்லுங்க, அது துருப்பிடிச்சு இறுகியிருந்தா ஒரு பக்கம் பேட் எப்பவும் உரசிட்டே இருக்கும், கருகின வாசத்துக்கு அதுவும் காரணமா இருக்கலாம். பேட் அவ்வளவு சூட்டைப் பார்த்துட்டதால மேல கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆகியிருந்தா மாத்திடுங்க. ரேஸ் பேட் வேண்டாம், காலையில முதல் மிதிக்கே பிடிக்காது. இதெல்லாம் முடிச்சுட்டு ரெண்டாவது கியர்ல ஒரு தடவை இறங்கிப் பாருங்க.

அதுக்கும் மேல வாராவாரம் மலை ஏறி இறங்கறவர்னா, யூரோப்ல வந்த அந்தத் தலைமுறை போலோ ஜிடிஐயோட 288 டிஸ்க், அதுக்கான காலிபர், காலிபரைத் தாங்கற கேரியர் எல்லாம் ஒரே குடும்பத்து பார்ட்டா சேர்த்து வாங்குங்க, பெரும்பாலான 15 இன்ச் வீல்ல அடங்கிடும், உங்க வீலை ஒரு தடவை மாட்டிச் சுத்திப் பார்த்துட்டு காசு கொடுங்க. கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தறது மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-ம் பிரிவுல வருது, அதனால வாங்கறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்ஷூரன்ஸ்லயும் கேட்டு, இன்ஷூரன்ஸ் பதிலை எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க.

கேள்வி: சார், டிஸ்க்ல ஓட்டை ஓட்டையா இருக்கறது வாங்கினா சூடு குறையும்னு என் வீட்டுக்காரர் சொல்றார், விலை கூட இருக்கு. வாங்கலாமா?

பதில்: தினசரி ஓட்டற வண்டிக்கு வேண்டாம்மா. அந்தக் காலத்துப் பேட்ல இருந்து சூட்டுல வாயு வரும், அது வெளிய போகத்தான் ஓட்டை. இப்ப வர்ற பேட்ல அந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. ஓட்டை போடப்போட இரும்பு குறையுது, மலிவு டிஸ்க்ல அந்த ஓட்டை ஓரத்துல இருந்துதான் மெல்லிசா விரிசல் ஓடும். போர்ஷ் மாதிரி கம்பெனி ஓட்டையோட கொடுக்குதுன்னா அது டிஸ்க்கை வடிவமைக்கும்போதே யோசிச்சு வச்சது, சாதா டிஸ்க்கை வாங்கி டிரில் போட்டு விக்கறது வேற. நடுவுல காத்து போற வென்டிலேட்டட் சாதா டிஸ்க்கே போதும்னு அவர்கிட்ட சொல்லுங்க.

கேள்வி: சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில 288 செட் கழட்டினது கிடைக்குது, நம்பி வாங்கலாமா அண்ணா?

பதில்: கேரியர் வாங்கலாம், அது வெறும் இரும்பு, விரிசலும் துருவும் பார்த்தா போதும். காலிபர் வாங்கினா சீல் கிட் மாத்தாம மாட்டாதீங்க. டிஸ்க்கை மட்டும் புதுசா வாங்குங்கன்னுதான் சொல்வேன். அப்படியும் எடுக்கறீங்கன்னா, டிஸ்க்கோட ஓரத்துலயோ நடுத்தொப்பியிலயோ குறைஞ்சபட்ச தடிமன் எத்தனைன்னு பொறிச்சிருக்கும், 25 மில்லிமீட்டர்ல வர்ற 288-க்கு அது 22. மைக்ரோமீட்டர் எடுத்துட்டுப் போய் பேட் உரசற இடத்துல நாலஞ்சு புள்ளியில அளங்க, ஸ்கேலோ சாதா வெர்னியரோ வச்சா ஓரத்து வரப்பு மேல உட்கார்ந்து அதிகமா காட்டும். 23-க்குக் கீழ இருந்தா விட்டுடுங்க. மாட்டும்போது டிஸ்க் உட்கார்ற ஹப் முகத்துல துரு துளிகூட இல்லாம தேச்சுட்டு மாட்டச் சொல்லுங்க, இல்லன்னா டிஸ்க் லேசா சாய்ஞ்சு உட்கார்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டர்ல ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கும், அப்ப டிஸ்க் வளைஞ்சு போச்சுன்னு சொல்லி இன்னொரு செட் விப்பாங்க.