மாடியில் தங்க வரும் டச்சு மாணவி: சுற்றுலா விசா போதுமா?

கேள்வி: என் மகன் நெதர்லாந்தில், ஹேக் நகரில் வேலை பார்க்கிறான். அவனுக்குத் தெரிந்த டச்சு மாணவி ஒருவர் லெய்டன் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறார். நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் இருந்த காலத்தைப் பற்றிய ஆய்வேட்டுக்காக வரும் ஜனவரியில் ஆறு வாரம் தமிழகம் வருகிறார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எல்லாவற்றுக்கும் போக வேண்டுமாம். பெரும்பாலான நாட்கள் எங்கள் வீட்டு மாடியில் தங்குவார். இணையத்தில் எடுக்கும் சுற்றுலா விசாவே போதும் என்கிறார் இங்குள்ள டிராவல்ஸ்காரர். வந்த பிறகு வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்து தர 18 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். கூட வரும் தோழியிடம் ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருப்பதால் அவருக்கு எதுவுமே வேண்டாமாம். நான் தனியாக இருப்பவள். போலீஸ் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வேன்?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, அந்த 18 ஆயிரத்தைக் கொடுக்க மாட்டேன் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஆறு வாரம் தங்கப்போகிறவருக்குப் பெரும்பாலும் பதிவே கிடையாது. 180 நாட்களுக்கு மேல் செல்லுபடியாகும் மாணவர் விசா, ஆய்வு விசா போன்றவற்றில் வருகிறவர்கள்தான் வந்து இறங்கிய 14 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். குறுகிய விசாவாக இருந்தால், பதிவு செய்ய வேண்டும் என்ற குறிப்பு விசாவிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். அப்படி இருந்தாலும் விண்ணப்பத்தை அந்தப் பெண்ணே இணையத்தில் போட்டுவிடலாம். இல்லாத வேலைக்கு உங்களிடம் கூலி கேட்கிறார்கள்.

ஒரு பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்தேன். இந்தத் தரகர்களை அப்போதிலிருந்து பார்க்கிறேன். “ஆபீசில் ஆள் இருக்கிறார்” என்பார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் பக்கங்களை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு அந்தப் படங்கள் எங்கெங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியாது. விசா எடுக்கும்போதும் இதே கதைதான். அரசின் இணையதளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் ஏராளம். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கட்டணம் பிடுங்குகின்றன. தளத்தின் முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் மூடிவிட வேண்டியதுதான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சுற்றுலா விசா போதாது.

ஊர் சுற்றிப் பார்க்க, நண்பர்கள் வீட்டில் தங்க, சில வாரம் யோகாவோ பரதமோ கற்றுக்கொள்ள அந்த விசா இடம் கொடுக்கிறது. ஆய்வு அந்தப் பட்டியலில் இல்லை. பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வரும் வழியில் ஒரு பேராசிரியரைச் சந்தித்து அரை மணி நேரம் பேசுவதை யாரும் குற்றமாகச் சொல்லப்போவதில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, அங்கே நூலக அனுமதி வாங்கி, ஆவணங்களைப் படியெடுத்து, ஊர்ப் பெரியவர்களிடம் பேட்டி கண்டு, அதை ஆய்வேட்டில் சேர்ப்பது ஆய்வு. அதற்கென்று ஆய்வு விசா தனியாக இருக்கிறது. சுற்றுலா விசாவில் இறங்கிய பிறகு இங்கே வைத்து அதை ஆய்வு விசாவாக மாற்றவும் முடியாது. “முதலில் வரட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்” என்று டிராவல்ஸ்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

சுற்றுலா விசாவில் வந்த ஒரு மாணவரை எனக்கு நினைவிருக்கிறது. நல்ல பையன்; தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பான். நூலகத்தில் உறுப்பினராக விண்ணப்பித்தபோது விசா பக்கத்தைக் கேட்டார்கள். பார்த்ததும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து வாரம் இங்கே இருந்து, ஓர் ஓலையைக்கூடத் தொடாமல் ஊர் திரும்பினான். அவனுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த முகவர் அப்போதும் கமிஷனை வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்.

ஆய்வு விசாவுக்கு அந்தப் பெண் ஹேக் நகரில் உள்ள இந்தியத் தூதரகத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆய்வுத் திட்டத்தின் விவரம், போகப்போகும் ஊர்கள், முன்பு இந்தியா வந்த விவரம், இங்குள்ள கல்வி நிறுவனத்தின் இணைப்புக் கடிதம், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். ஊர்களின் பட்டியலில் கஞ்சத்தனம் கூடாது. நாகப்பட்டினம், தஞ்சாவூர், சென்னை, புதுச்சேரி, போகிற போக்கில் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் என்று எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் சரஸ்வதி மகால் நூலகத்துக்கும் போகிற எண்ணம் இருந்தால் அவற்றின் பெயரும் அதில் இருக்கட்டும். லெய்டனில் இருக்கும் அவருடைய வழிகாட்டியிடமிருந்து பல்கலைக்கழக முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி, நாலைந்து பிரதி கையில் வைத்திருப்பது நல்லது. இங்கே ஒவ்வொரு வாசலிலும் அதைக் கேட்பார்கள்.

இந்த விண்ணப்பம் தூதரகத்தோடு முடிவதில்லை. அங்கிருந்து தில்லிக்கு வந்து, அமைச்சகத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும். மாதக்கணக்கில் ஆகலாம். இதில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. இணைப்புக் கடிதம் இல்லாமல் விசா இல்லை என்கிறார்கள். பல்கலைக்கழகத்திலோ, விசா வரட்டும், பிறகு கடிதம் தருகிறோம் என்கிறார்கள். இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி நம் கடற்கரை ஊரின் வரலாற்றைப் படிக்க ஆசைப்பட்டு வருகிறாள். அவளுடைய கோப்பு துறைத் தலைவரிடமிருந்து பதிவாளருக்குப் போய், பதிவாளர் விடுப்பில் இருந்து, திரும்பி வந்து, ஒரு கையெழுத்துக்காக மூன்று வாரம் மேசையில் கிடக்கும். லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்ததால் சோழர் காலச் செப்பேடுகளுக்கு ‘லெய்டன் செப்பேடுகள்’ என்றே பெயர் வந்துவிட்டது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தி அவற்றில்தான் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து படிக்க வருகிறவருக்கு நாம் செய்யும் உபசாரம் இதுவா? கோபப்பட்டுப் பயனில்லை. துறைப் பேராசிரியர் ஒருவரை நேரடியாகப் பிடிக்கச் சொல்லுங்கள். அவர் கோப்பை எடுத்துக்கொண்டு நடந்தால்தான் அது நகரும்.

தோழியின் விஷயத்தை டிராவல்ஸ்காரர் மிகவும் லேசாகச் சொல்லியிருக்கிறார். இதில் விவரம் தெரிந்தவர்களே தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் விசா வேண்டாம்; எத்தனை நாள் தங்கினாலும் பதிவு வேண்டாம். இது உண்மை. ஆனால் 2021 மார்ச் 4ஆம் தேதி உள்துறை அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் சில காரியங்களுக்கு முன்கூட்டியே சிறப்பு அனுமதி பெற வேண்டும் என்று அது சொல்கிறது. மதப் பிரசாரம், மலையேற்றம், பத்திரிகைப் பணி ஆகியவற்றோடு ஆய்வும் அதில் இருக்கிறது. அதாவது அந்த அட்டையோடு வந்து, உங்கள் வீட்டில் தங்கி, கோயில் குளம் பார்க்கலாம். ஆய்வு செய்வதற்கு அனுமதி வாங்கியாக வேண்டும்.

நெதர்லாந்தில் இந்த அட்டை வைத்திருப்பவர்களில் சூரினாம் வழி வந்தவர்கள் கணிசம். 1873 முதல் போஜ்புரி பேசும் பகுதிகளிலிருந்து டச்சுக் காலனியான சூரினாமுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப் பேரப்பிள்ளைகள் அவர்கள். 1975இல் சூரினாம் விடுதலை பெற்றதை ஒட்டிப் பலர் நெதர்லாந்தில் குடியேறினார்கள். பாட்டன் மண்ணைப் பார்க்கப் போகிறோம், நம்மை யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த நினைப்பு எனக்குப் புரிகிறது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் கையில் இருப்பது டச்சு பாஸ்போர்ட். எனவே தோழியும் ஆய்வில் பங்கெடுக்கிறார் என்றால், புறப்படும் முன்பே தூதரகத்தில் எழுத்து மூலமாக விண்ணப்பித்து அனுமதி வாங்கட்டும். வெறுமனே துணைக்கு வருகிறார் என்றால் இது தேவையில்லை. ஆனால் துணைக்கு வந்தவர் நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கத் தொடங்கினால் அவரும் ஆய்வாளர்தான். முன்பே யோசித்து முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பங்குக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அதைத் தவறவிடக் கூடாது. வெளிநாட்டினரைத் தங்க வைப்பவர், ஓட்டல்காரராக இருந்தாலும் வீட்டுக்காரராக இருந்தாலும், அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். ‘சி படிவம்’ என்பார்கள். வாடகை வாங்காமல் விருந்தாளியாக வைத்திருந்தாலும் இது பொருந்தும். 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தின் இடத்தில் 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது; அதிலும் இந்தக் கடமை தொடர்கிறது. கட்டணம் ஒரு பைசா கிடையாது. பாஸ்போர்ட் எண், விசா எண், வந்த தேதி, எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார் என்பவைதான் கேள்விகள். தோழிக்கும் தனியாகப் போட்டுவிடுங்கள்.

படிவம் போடுவதற்கு முன் உங்கள் பெயரில் அந்தத் தளத்தில் ஒரு கணக்கு தொடங்க வேண்டும். அதற்கு ஒப்புதல் வரச் சில நாட்கள் ஆகலாம் என்பதால் டிசம்பரிலேயே தொடங்கிவிடுங்கள். உங்கள் மகனை ஹேக்கில் இருந்தபடியே தொலைபேசியில் உதவச் சொல்லலாம். படிவம் போனதும் ஒரு பிரதி அச்செடுத்து, பாஸ்போர்ட் நகலோடு மேசை இழுப்பறையில் வையுங்கள். போலீஸ் வந்து கேட்டால் அதை எடுத்துக் காட்டினால் போதும். வெளிநாட்டவருக்கு இடம் கொடுப்பது குற்றமே இல்லை. மறைத்து வைப்பதுதான் குற்றம்.

அந்தப் பெண் விசா கையில் கிடைக்கும் வரை விமான டிக்கெட் எடுக்க வேண்டாம். வருவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை ஒன்றும் இருக்கிறது. அதுவும் இலவசம், அதற்கும் யாராவது பணம் கேட்பார்கள். ஜனவரிக்குள் ஒப்புதல் வராது போலிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. டச்சுக்காரர்கள் 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்ததிலிருந்து 1781இல் ஆங்கிலேயரிடம் இழந்தது வரையிலான டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களில் பெரும்பகுதி ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கிறது. லெய்டனிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். காத்திருக்கும் மாதங்களில் அவர் அங்கே போய்ப் படிக்கட்டும்.