கல்ச்சர் ரிப்போர்ட் வருமுன்பே பச்சைக்குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக் போடுவது சரியா?

குறைமாதத்தில் பிறந்த உங்கள் மகனுக்கு அன்றே ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுவிட்டார்கள், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் ரிப்போர்ட் இரண்டு நாள் கழித்துத்தான் வரும் என்றார்கள், இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பச்சிளங்குழந்தை ஐசியூவில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் நான். தொற்று சந்தேகம் இருந்தால் உடனே தொடங்குவது சரிதான்.

பிறந்த குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கட்டும் என்று காத்திருக்க முடியாது. காலையில் நன்றாகக் குடித்த பிள்ளை மத்தியானம் பாலை ஒதுக்கும், கைகால் சில்லிடும், மூச்சு நின்று நின்று வரும். சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிவிடும். அதனால்தான் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் இரண்டையும் முதலில் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனால் முதல் டோஸுக்கு முன்பே கல்ச்சருக்கு ரத்தம் எடுத்திருக்க வேண்டும். ஒன்றரைக் கிலோ பிள்ளையின் புறங்கையில் நரம்பு நூல் மாதிரி இருக்கும். ரத்தம் சொட்டுச் சொட்டாக வரும்போது அரை மில்லியோடு விட்டுவிடலாமா என்று மனம் இளகும். விடக்கூடாது. 1 மில்லியாவது வேண்டும். குறைந்தால் கிருமி இருந்தும் பாட்டிலில் வளராமல் போகலாம்.

என் ஆதங்கமெல்லாம் நிறுத்துவதைப் பற்றித்தான். 48 மணி நேரத்தில் எதுவும் வளரவில்லை, பிள்ளையும் நன்றாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், "வளர்ச்சி இல்லை" என்ற ரிப்போர்ட் கேஸ் ஷீட்டிலேயே இருந்தது. நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஏழாவது நாளும் மெரோபெனெம் என்ற வீரியமான ஆன்டிபயாட்டிக்கை ஏற்றினேன். "எதற்கும் இருக்கட்டும்" என்றார்கள். இன்றும் அது உறுத்துகிறது.

2016-இல் வெளியான டெல்லி ஆய்வு ஒன்றில், 3 பெரிய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைகளிடம் கண்ட அசினெட்டோபாக்டர் கிருமிகளில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு அடங்காதவை. தேவையில்லாமல் ஏற்றும் ஒவ்வொரு டோஸும் அப்படிப்பட்ட கிருமிக்குத்தான் இடம் கொடுக்கிறது. நாளை நிஜமாகவே தொற்று வரும் பக்கத்துத் தொட்டில் பிள்ளைக்குக் கொடுக்க என்ன மருந்து மிஞ்சும்?

சரி, நீங்கள் செய்யக்கூடியது இதுதான். மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில் டாக்டரிடம், "கல்ச்சரில் என்ன வந்தது சார்? ஊசி இன்னும் எத்தனை நாள்?" என்று கேளுங்கள். தயங்க வேண்டாம். ஆனால் ஊசியை நிறுத்தும் முடிவை மட்டும் நீங்களாக எடுக்காதீர்கள். கல்ச்சரில் ஒன்றும் வளராவிட்டாலும், பிள்ளை சோர்ந்திருந்தால் தொடரவேண்டி வரலாம்.