வைரஸ் ஆய்வில் முனைவர் பட்டம்: தண்டையார்பேட்டைத் தந்தை ஒருவருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்த உங்கள் மகள், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்னும் நரம்பு நோயில் வைரஸ் தொற்றுக்கு உள்ள பங்கை முனைவர் பட்டத்துக்கு ஆராய விரும்புவதாகவும், தண்டையார்பேட்டையில் யாரும் கேள்விப்பட்டிராத நோயைப் படித்து என்ன வேலை கிடைக்கப் போகிறது என்று நீங்கள் தூக்கமின்றித் தவிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைப்பு நல்ல தலைப்பு. உதவித்தொகையும், நோயாளிகளின் மாதிரிகளைத் தரக்கூடிய மருத்துவமனைத் தொடர்பும் உள்ள ஆய்வகம் அமைந்தால் மனநிறைவோடு அனுப்புங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் ஓராண்டு பொறுக்கச் சொல்லுங்கள்.

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளை மயலின் என்னும் கொழுப்பு உறை சூழ்ந்திருக்கிறது. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே அந்த உறையைத் தாக்கிச் சிதைப்பதுதான் இந்நோய். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக வருகிறது. வைரஸ் ஒன்று இதைத் தூண்டுகிறதா என்ற ஐயம் நெடுங்காலமாக இருந்தாலும், வலுவான சான்று 2022 ஜனவரியில்தான் கிடைத்தது. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய 1 கோடிக்கும் மேற்பட்டோரின் 20 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த ஹார்வர்டு குழுவினர், நோய் கண்ட 801 பேரின் சேமித்துவைத்த ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, ஒரே ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியிருந்தது. தொற்றியபின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்காக உயர்ந்திருந்தது. மற்றொரு வைரஸான சைட்டோமெகலோ வைரஸ் தொற்றியவர்களிடம் அத்தகைய உயர்வு எதுவும் இல்லை. அதே மாதம் ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று, இந்த வைரஸின் புரதம் ஒன்றின் சிறு பகுதி மூளையிலுள்ள கிளையல்கேம் என்னும் புரதத்தின் ஒரு பகுதியை ஒத்திருப்பதையும், வைரஸை எதிர்க்க உருவான எதிர்ப்பான் அதையும் தவறாகப் பற்றிக்கொள்வதையும் காட்டியது.

இத்தனைக்குப் பிறகு என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். மிச்சம்தான் பெரிது. உலகில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேரின் உடலில் இந்த வைரஸ் வாழ்நாள் முழுவதும் தங்கியிருக்கிறது. நோயோ மிகச் சிலருக்கே வருகிறது. மேலைநாடுகளில் பலருக்கு இந்த வைரஸ் பதின்ம வயதில் தொற்றி, காய்ச்சலும் தொண்டைவலியும் கழுத்தில் நெறிகட்டுதலுமாக வெளிப்படுகிறது. நம் பகுதியைப் போல வீடுகள் நெருங்கி, பிள்ளைகள் ஒரே தட்டில் உண்டு வளரும் இடங்களில் பெரும்பாலும் சின்னஞ்சிறு வயதிலேயே அறிகுறியின்றித் தொற்றிவிடுகிறது. இந்தியாவில் இந்நோய் மேலைநாடுகளைவிடக் குறைவு. தொற்றும் வயது காரணமா, மரபணுவா, வெயிலா, உடலில் முன்பே வந்துபோன பிற தொற்றுகளா என்பது இன்னும் தீரவில்லை. நம் மக்களைப் பற்றிய இந்தக் கேள்விக்கு நம் மக்களின் ரத்தத்தைக் கொண்டுதான் விடை தேட முடியும். இந்நோய் இங்கே அரிதாக இருப்பதே உங்கள் மகளின் ஆய்வுக்குப் பொருளாகிறது.

ஆய்வகத்தில் அவளுக்கே தொற்றிவிடுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த வைரஸ் அவள் உடலில் ஏற்கெனவே இருக்கவே வாய்ப்பு மிகுதி. கையுறை, பாதுகாப்புப் பெட்டி ஆகிய வழக்கமான ஒழுங்குகளுடன் செய்யப்படும் வேலை இது.

அஞ்ச வேண்டியது வேறு. நோயாளியிடமிருந்து ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, அடர்த்தியான திரவம் ஒன்றின்மேல் கலங்காமல் ஊற்றிச் சுழற்றினால், நடுவில் மெல்லிய வெண்படலமாக வெள்ளணுக்கள் திரளும். வைரஸ் ஒளிந்திருக்கும் பி அணுக்கள் அந்தப் படலத்தில்தான் உள்ளன. நோயாளியே வராவிட்டால் இந்தத் திறமை எதற்கும் உதவாது. அரிய நோய் என்பதால், ஓராண்டு காத்திருந்தும் போதிய மாதிரி சேராமல் ஆய்வு நின்றுபோவது உண்டு. ஆகவே நரம்பியல் துறையோடு எழுத்துபூர்வமான ஒப்பந்தம் உள்ளதா, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கப்பட்டதா, பழைய மாதிரிகள் மைனஸ் 80 டிகிரியில் சேமிப்பில் உள்ளனவா, இதேபோல் தோன்றும் நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்னும் வேறொரு நரம்பு நோய் உள்ளவர்களை எதிர்ப்பான் சோதனையால் பிரித்துவைத்திருக்கிறார்களா என்று வழிகாட்டியிடம் அவளே நேரில் கேட்க வேண்டும். அவரிடம் படிக்கும் மூத்த மாணவர்களிடமும் தனியே பேசட்டும். அவர்கள் சொல்வதை நான் பெரிதும் மதிப்பேன்.

தினமும் வீட்டிலிருந்தே போய்வர வேண்டுமென்றால் தரமணியிலுள்ள சென்னைப் பல்கலைக்கழக அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தையும், உங்கள் வீட்டுக்கு அருகிலேயே உள்ள ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியையும் முதலில் விசாரிக்கலாம். நரம்பு வைரஸியலுக்கென்றே தனித்துறை கொண்ட பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தையும், வேலூர் சி.எம்.சி.யின் வைரஸியல் துறையையும் தொலைவைக் காரணம் காட்டி ஒதுக்கிவிடாதீர்கள். இந்தத் தலைப்புக்கு அவை பொருத்தமான இடங்கள் என்பதே என் எண்ணம்.

பணத்தைப் பொறுத்தவரை, சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை பெற்றால், முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படி தனியாகவும் கிடைக்கும். தொகை சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாக வருவதால் கையிருப்பு கொஞ்சம் வேண்டும். உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கிச் சேர்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். யு.ஜி.சி. விதிப்படி குறைந்தது 3 ஆண்டுகள், பொதுவாக 6 ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். 5 ஆண்டுகள் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டுகளும், 240 நாட்கள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. திருமணப் பேச்சு வந்தால், மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்தக் கால அளவை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

வேலை இந்த ஒரு நோயை நம்பியதாக இருக்காது. செல் வளர்ப்பு, அணுக்களை லேசர் ஒளியால் எண்ணி வகைபிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, பி.சி.ஆர்., மரபணு வரிசைத் தரவைக் கணினியில் பகுப்பது ஆகியவற்றை நன்கு கற்றவரைத் தடுப்பூசி நிறுவனங்களும், நோயறி ஆய்வகங்களும், மருந்துச் சோதனை நிறுவனங்களும், கல்லூரிகளும் எடுத்துக்கொள்கின்றன. முதல் ஆண்டிலேயே ஆர் அல்லது பைத்தான் மொழியும் புள்ளியியலும் பழகச் சொல்லுங்கள். நம் மாணவர்கள் பலர் நேர்காணலில் தடுமாறுவது அங்கேதான்.

அடுத்த சந்திப்புக்கு மகளையும் உடன் அழைத்து வாருங்கள், ஐயா. அவளுடைய எம்.எஸ்சி. ஆய்வேடும், நெட் மதிப்பெண் சான்றும், அவள் விரும்பும் இரண்டு ஆய்வகங்களின் பெயர்களும் கையில் இருந்தால், அன்றே அந்த வழிகாட்டிகளுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை எழுதி முடித்துவிடலாம்.