காட்ஸில்லா மாதிரிப் படங்களில் போர் விமானங்கள் ஏன் கைக்கெட்டும் தூரத்தில் போய் அடிவாங்குகின்றன? பைலட்டுகளுக்கு அறிவே இல்லையா?

ஏதோ டப்பிங் படத்தை டிவியில் பாதியிலிருந்து பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பைலட்டைத் திட்டாதீர்கள், கேமராக்காரரைத் திட்டுங்கள்.

நான் விமானப்படையில் ஆயுதம் பொருத்தும் பிரிவில் இருந்தவன். பைலட் இல்லை, "நீ ஓட்டியிருக்கியா?" என்று கிளம்பி வருபவர்களுக்காக முன்பே சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்கப் போன வீட்டிலேயே இதைக் கேட்டு, இல்லை என்றதும் பலகாரத் தட்டை உள்ளே எடுத்துப் போனவர்கள் உண்டு.

2014 காட்ஸில்லாவுக்கு அக்கா மகனைக் கூட்டிப்போனேன். மின்காந்த வீச்சில் எஞ்சின் அணைந்து ஜெட்டுகள் பொத்துப் பொத்தென்று விழும்போது, "மாமா, உங்க ஆளுங்க ஒரு குண்டுகூடப் போடலையே" என்றான் சத்தமாக. வரிசையே சிரித்தது. வழியெல்லாம் அவனுக்குப் பாடம்தான். எஃப்-22 போர் விமானத்தின் பீரங்கியில் இருப்பது 480 ரவுண்டு தோட்டா. நிமிடத்துக்கு 6000 சுடும் பீரங்கி அது. ஐந்து விநாடியில் காலி. சைடுவைண்டர் ஏவுகணையின் வெடிமுனை ஒன்பது கிலோ சொச்சம்; விமானத் தகட்டைக் கிழிக்கச் செய்தது, 108 மீட்டர் மிருகத்தை என்ன செய்யும்? இலக்கைத் தேடிப்போய் விழும் குண்டை உயரத்திலிருந்து, 20 கிலோமீட்டர் தள்ளியே விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். ஆனால் அப்போது திரையில் மிருகம் மட்டும்தான் தெரியும், விமானம் தெரியாது. ரெண்டும் ஒரே ஃபிரேமுக்குள் வரணுமே!

1933 கிங்காங்கில் விமானங்கள் கிட்டே போனது நியாயம். இயந்திரத் துப்பாக்கியோடு வந்த இரட்டை இறக்கை விமானம், வேறு வழியில்லை. இயக்குநர்களில் ஒருவரான மெரியன் கூப்பர் முதல் உலகப்போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். படத்திலும் கிங்காங்கைச் சுடும் விமானத்தில் அவரே உட்கார்ந்திருப்பார். பின்னால் வந்தவர்கள் ஜெட்டை வைத்துக்கொண்டும் அதே மாதிரியே எடுக்கிறார்கள்.

ஜெட் ஜெயித்த படமும் இருக்கிறது. 1998இல் புரூக்ளின் பாலத்துக் கம்பிகளில் சிக்கிய காட்ஸில்லாவை எஃப்-18கள் ஏவுகணை விட்டுக் கொன்றன. ரசிகர்கள் கொதித்தார்கள், ஏவுகணைக்குச் சாகிறதெல்லாம் காட்ஸில்லாவா என்று. அப்புறம் எந்தத் தயாரிப்பாளர் எங்களை ஜெயிக்க விடுவார்? உருப்படியாக எடுத்தது ஜப்பான்காரர்களின் 2016 ஷின் காட்ஸில்லாதான். ஹெலிகாப்டர், டாங்கி, அப்புறம் எஃப்-2 போர் விமானம் போடும் குண்டு என்று முறையாகப் போவார்கள். அப்படியும் தோற்கிறார்கள், அது வேறு விஷயம்.

இதையெல்லாம் தமிழில் பார்க்க நான் படும் பாடு தனி. கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டுக்கு வீடு தமிழ்தான், ஆனால் தமிழ் டப்பிங் வேண்டுமென்றால் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி போகணும். அன்றைக்கு இரண்டாம் ஆட்டம் விட்டதும் எல்லை வரைதான் பஸ் கிடைத்தது. அதற்கப்புறம் வந்த ஆட்டோக்காரர் கேட்ட வாடகையில் இன்னொரு தரம் குடும்பத்தோடு படம் பார்த்திருக்கலாம்.